பீட் போடத் தொடங்கியவருக்குக் கடலூர், பாண்டி பக்கம் கூட்டாளிகள் கிடைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எஃப்எல் ஸ்டூடியோவோ ஏபிள்டனோ, பாட்டு செய்யும் மென்பொருள் ஏதோ ஒன்றை இறக்கி ஆறேழு மாதம் ஓட்டியாயிற்று. நாலு பார் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நாலு தாளச் சுற்றுத் துண்டு) நன்றாக வருகிறது. ஒன்றிரண்டு ட்ராக் முழுதாகவும் முடிந்திருக்கிறது. இனி யாரிடம் போட்டுக் காட்டுவது? வீட்டில் போட்டால் "சத்தத்தைக் குறை" என்பார்கள். கல்லூரி நண்பன் பத்து விநாடி கேட்டுவிட்டு "செம மச்சி" என்று ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்துவிடுவான். சென்னையில் இருந்தால் ஆள் கிடைக்கும், திருப்பாதிரிப்புலியூரில் யார் இருக்கிறார்கள் என்ற அலுப்பு அடுத்து வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஊரில் எலக்ட்ரானிக் இசைக்காரர்களை மட்டும் தேடினால் ஏமாற்றம்தான். லேப்டாப்பில் ஒலியைக் கையாளத் தெரிந்த ஒருவர் யாருக்கெல்லாம் தேவைப்படுவார் என்று தேடிப் பாருங்கள், தெருவுக்கு ஒருவர் அகப்படுவார். அவர்களோடு வேலை செய்யும்போதுதான் பழக்கம் வருகிறது. அந்தப் பழக்கத்தில்தான் இன்னொரு பீட்காரரின் பெயரும் வந்து விழும்.

கிளம்புவதற்கு முன்

முடிந்த ட்ராக் ஒன்று வேண்டும். லூப் போதாது. தொடக்கம், நடு, முடிவு என்று இரண்டரை மூன்று நிமிடம் இருந்தால் சரி. பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை, முடிந்திருக்க வேண்டும். அதை சவுண்ட்கிளவுடில் தனிப்பட்ட இணைப்பாக ஏற்றி வையுங்கள். போனிலும் ஒரு நகல் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் "அண்ணே, லோட் ஆகுது" என்று நிற்பதைப் போல சங்கடம் வேறில்லை.

பெயர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் அதே எழுத்தில். வைப்பதற்கு முன் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வேறொருவர் அந்தப் பெயரில் பாட்டு வெளியிட்டிருந்தால், பின்னால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கிராக் மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தார்மீகம் ஒருபக்கம் இருக்கட்டும், கூட்டாக வேலை செய்யும்போது அது கழுத்தை அறுக்கும். உங்கள் கோப்பைத் திறப்பவரிடம் அந்த ப்ளகின் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி) இருக்காது. கிராக்கோடு வைரஸும் போய்ச் சேர்ந்தால் நட்பு அன்றோடு சரி. ரீப்பர் என்ற இசை மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். எல்எம்எம்எஸ் முற்றிலும் இலவசம். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி இரண்டும் காசில்லாமல் கிடைக்கும் நல்ல சிந்தசைசர்கள், அதாவது ஒலியை உருவாக்கித் தரும் மென்பொருள்கள். எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் சேமித்ததை மறுபடி திறக்க முடியாது, ஆனால் பாட்டாக ஏற்றுமதி செய்யலாம். கற்றுக்கொள்ள இதெல்லாம் தாராளம்.

பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, இன்ஸ்டாகிராமில் லட்சம் பேர் பின்தொடரும் டிஜேவுக்கு "ப்ரோ, செக் மை ட்ராக்" என்று அனுப்புவது. அவர் பார்க்க மாட்டார். பார்த்தாலும் உங்களுக்குப் பயன் குறைவு. உங்களுக்கு இப்போது கிக்கும் (டிரம்மின் அடி ஒலி) பேஸும் மோதுகிற பிரச்சினை, அவருக்கு விமான டிக்கெட் பிரச்சினை. உங்களைப் போலவே ஒரு வருடம், ஒன்றரை வருடமாகச் செய்துகொண்டிருப்பவர்தான் இன்றைய கூட்டாளி.

அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தால், முதல் செய்தியில் எதுவும் கேட்காதீர்கள். "கொலாப் பண்ணலாமா ப்ரோ?" என்ற ஒற்றை வரிக்கு யாரும் பதில் போடுவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம்ங்க. நான் மஞ்சக்குப்பம். நானும் ஆறு மாசமா லேப்டாப்ல பாட்டு பண்றேன். உங்க போன வார ட்ராக்ல ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் உடுக்கை மாதிரி ஒண்ணு வருதே, அது நீங்களே ரெக்கார்ட் பண்ணதா? அந்த இடம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

முழுதாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது, பதில் சொல்ல எளிதான கேள்வியும் இருக்கிறது. பதில் வந்தால் பேச்சு தானாக ஓடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு முறைக்கு மேல் தட்டினால் அது தொல்லை. வயது தெரியாதவரை "ங்க" போட்டே பேசுங்கள். "மச்சி"க்கு அவரே இறங்கி வரட்டும்.

மைக்செட் கடையில் ஒரு மதியம்

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன் என்றே சொல்லலாம்.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, அரியாங்குப்பம், பாகூர் எங்கே போனாலும் சவுண்ட் சர்வீஸ் கடை ஒன்று இருக்கும். ஊர் வாயில் அது இன்னும் மைக்செட்தான். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் வார்த்தல், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை என்று எங்கே என்ன நடக்கிறது, யார் வாசிக்கிறார்கள், யார் பாடுகிறார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எலக்ட்ரானிக் இசை செய்பவர்கள் அவர் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பாருங்கள்.

முகூர்த்த நாளில் போகாதீர்கள். வேலை இல்லாத ஒரு மதியம் போய், "அண்ணே, லேப்டாப்ல மியூசிக் பண்றேன். பெரிய பாக்ஸ்ல என் பாட்டு எப்படிக் கேக்குதுன்னு ஒருவாட்டி கேக்கணும். அடுத்த ஃபங்ஷனுக்கு பாக்ஸ் ஏத்தி இறக்க நானும் வரேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாக்ஸ் தூக்க வருகிறேன் என்பவரை எந்த மைக்செட் அண்ணனும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. சோதனை ஓட்டும் நேரத்தில் இரண்டு நிமிடம் உங்களுக்குக் கிடைக்கும்.

அந்த இரண்டு நிமிடம் பல வீடியோக்களுக்குச் சமம். 18 அங்குல பேஸ் பாக்ஸில் உங்கள் பாட்டைக் கேட்கும்போது, ஹெட்ஃபோனில் அறையை நிரப்பிய பேஸ் இங்கே காணாமல் போயிருக்கலாம். காரணம் எளிது. இப்படிப்பட்ட செட்டுகளைப் பெரும்பாலும் மோனோவில்தான் ஓட்டுவார்கள். கூட்டம் நாலா பக்கமும் நிற்கும், இடம் வலம் பிரித்து என்ன செய்வது? நீங்களோ பேஸை ஸ்டீரியோ வைடனர் போட்டு அகலமாக்கி வைத்திருப்பீர்கள். இடப்பக்க அலையும் வலப்பக்க அலையும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால், மோனோவில் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் மோனோவாக்கி விடுங்கள், மிக்ஸ் செய்யும்போது அவ்வப்போது மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். இன்னொன்று, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் 808 வகை பேஸைப் பல பாக்ஸ்கள் வெளியே விடவே விடாது. கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) கொடுத்து, மேலே பிறக்கும் துணை ஒலிகளான ஹார்மோனிக்ஸைக் கிளப்பிவிட்டால் சின்ன பாக்ஸிலும் பேஸ் இருப்பதாகக் காது நம்பும்.

பதிலுக்கு அவருக்கு உதவ உங்களிடமும் விஷயம் இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்டீரியோ ஒயரை அப்படியே மிக்ஸரின் ஒரே பேலன்ஸ்டு இன்புட்டில் சொருகினால், பாட்டு கேட்கும், பாடகர் குரல் மட்டும் மாயமாகிவிடும். மிக்ஸர் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், நடுவில் இருக்கும் குரல் கழிந்துபோகிறது. ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின்னும் மறுமுனையில் பிரிந்து இரண்டு மோனோ பின்னும் உள்ள கேபிளால் தீரும் பிரச்சினை இது. சார்ஜர் போட்டதும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்பு வழியாக வரும் இரைச்சல். நடுவில் டிஐ பாக்ஸ் (லேப்டாப்பையும் மிக்ஸரையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் சின்னப் பெட்டி) வைத்தால் பெரும்பாலும் அடங்கும், அவசரத்துக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டலாம். இதை இரண்டு தடவை சரிசெய்து கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது தடவை போன் அவரிடமிருந்து வரும்: "தம்பி, லேப்டாப் எடுத்துக்கிட்டு வந்துடு."

அங்கேதான் ஆர்க்கெஸ்ட்ரா ஆட்கள் அறிமுகமாவார்கள். குறிப்பாக ரிதம் பேட் (அடித்தால் மின்னணு ஒலி வரும் தாளக்கருவி) வாசிப்பவர். எலக்ட்ரானிக் இசைக்காரர் யாருமே ஊரில் இல்லை என்று புலம்புகிறோம், பேட் வாசிப்பவர் பல வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவரிடம் ரோலண்ட் எஸ்பிடி எஸ்எக்ஸ் இருந்தால் நீங்கள் செய்த வேவ் (WAV) ஒலிக் கோப்புகளை அதில் ஏற்றலாம். பழைய எஸ்பிடி 20 என்றால் வெளி ஒலியை ஏற்ற முடியாது, ஆனால் அதில் மிடி அவுட் (எதை எப்போது அடித்தார் என்ற தகவலை வெளியே அனுப்பும் துளை) இருக்கிறது. யுஎஸ்பி மிடி கேபிள் வழியாக லேப்டாப்பில் சேர்த்தால், அவர் கை அடிக்க உங்கள் ஒலி வரும். மவுஸால் ஒவ்வொன்றாக வைத்த தாளத்துக்கும், இருபது வருடம் மேடையில் வாசித்த கை போடும் தாளத்துக்கும் உள்ள தூரம் அன்றைக்குப் புரியும். அவருக்கோ புது ஒலிகள் கிடைக்கின்றன. நட்புக்கு வேறென்ன வேண்டும்?

ஒலி தேவைப்படுகிறவர்கள்

அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இசை, நடனம், ஓவியம் படிக்கிறார்கள். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், அங்கே நாடகத் துறை, ஊடகத் துறை இரண்டும் உண்டு. புதுவை வாணி என்ற சமுதாய வானொலியும் அந்த வளாகத்திலிருந்துதான் ஒலிபரப்பாகிறது. தெற்கே போனால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை. இந்த மாணவர்களுக்குக் குறும்படம், நாடகம், நடனம் என்று ஏதாவது ஒன்று எப்போதும் நடந்துகொண்டே இருக்கும். ஒலிக்கு ஆள் இருக்காது.

"உங்க படத்துக்கு மியூசிக் போடுறேன்" என்று போவதைவிட, "வசனத்துல ஃபேன் சத்தம் அதிகமா இருக்கா? சரிபண்ணித் தரேன்" என்று போவது வேலைக்காகும். இசை என்பது ரசனை, அதில் தயக்கம் வரும். இரைச்சலை நீக்குவது எல்லோருக்கும் தேவை. வீடியோவுக்கு என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் கொடுங்கள், பாட்டுப் பழக்கத்தில் 44.1இல் கொடுத்துவிட வேண்டாம். டைட்டிலில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். படம் முடிந்த பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

பறை, பம்பை, உடுக்கை வாசிப்பவர்களிடம் போகும்போது இன்னும் கொஞ்சம் பொறுப்பு வேண்டும். பறை ஒலி போனின் மைக்கைக் கிழித்துவிடும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வேவ் வடிவில் பதிவாகும் செயலியில் எடுங்கள். முதல் அடியிலேயே அளவு சிவப்பைத் தொட்டால் இன்னும் பின்னால் போங்கள். எடுத்ததைச் சுத்தம் செய்து ஒரு வாரத்துக்குள் குழுவுக்கு அனுப்புங்கள், அவர்கள் விளம்பரத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள். உங்கள் ட்ராக்கில் சாம்பிளாகப் போடப் போகிறீர்கள் என்றால் அதைத் தனியாகச் சொல்லி, ஒப்புதலை வாட்ஸ்ஆப்பிலாவது வாங்கி, பணமும் கொடுங்கள். வாசித்தவருக்குத் தன் வாசிப்பின் மீது உரிமை உண்டு என்று நம் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. "நாட்டுப்புற இசைதானே, எல்லாருக்கும் பொது" என்று எடுத்துப் போட்டு ஊர் பூராவும் கெட்ட பெயர் வாங்குவானேன்?

பாண்டிக்கு பஸ் ஏறினால்

கடலூரிலிருந்து பாண்டி இருபது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஜூன் 21ஆம் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1982இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாள் அது. தொழில்முறைக் கலைஞரும் கற்றுக்குட்டியும் வேறுபாடில்லாமல் தெருவில் வாசிப்பதுதான் அதன் ஏற்பாடே. பாண்டியிலும் கொண்டாடுகிறார்கள், பிரெஞ்சு மொழி, கலாச்சார மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் இதில் முன்னால் நிற்கும். சுஃப்ரேன் தெருவில் இருக்கும் அந்த இடத்தில் ஆண்டு முழுவதும் கச்சேரி, திரையிடல் என்று ஏதாவது நடக்கும். பிரெஞ்சு தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலைப் பக்கம் கிதாரோடு, கஹோனோடு (மேலே உட்கார்ந்து தட்டும் பெட்டிக் கருவி) உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். வாசித்து முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு, "உங்க கிதார்ல ஒரு லூப் ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?" என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சந்தோஷப்படுவார்கள்.

ஆரோவில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1968இல் தொடங்கிய அந்த நகரில் இசைக்காரர்கள் நிறைய உண்டு, கிரிபா, பாரத் நிவாஸ் அரங்குகளில் நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் அது சுற்றுலா மைதானம் அல்ல, நினைத்த இடத்தில் நுழைந்து அறிமுகம் செய்துகொள்ள முடியாது. வெளியாட்களுக்குத் திறந்த நிகழ்ச்சியா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஸ்வரம் என்ற பட்டறையை மட்டும் தவறவிடாதீர்கள். மணிகள், காற்றொலிக் குழாய்கள் என்று புதுப்புது ஒலிக்கருவிகளை அங்கேயே செய்கிறார்கள். அனுமதி வாங்கி ஒரு மணியோசையைப் பதிவு செய்தால், அதை வைத்து ஒரு மாதம் விளையாடலாம்.

பப்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. சத்தத்தில் பேச முடியாது, டிஜே வேலையில் இருப்பார், வயது குறைந்தவர்கள் உள்ளே போகவும் முடியாது. போனால் தொடக்கத்தில் வாசிக்கும் ஆளைக் கேளுங்கள், கூட்டம் சேராத நேரத்தில் வாசிப்பவருக்குத்தான் பேச நேரமிருக்கும். கடலூருக்குத் திரும்பும் பேருந்தின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. "என் ஸ்டூடியோவுக்கு வாங்க" என்று முதல் பேச்சிலேயே அழைப்பவரிடம் கோப்பை இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். முதல் சந்திப்பு பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில், கூட ஒரு தோழியோடு இருக்கட்டும். இதற்கு முகம் சுளிப்பவர் நமக்கு வேண்டாம்.

இணையத்தில்

டிஸ்கார்டிலும் ரெடிட்டிலும் பீட் போடுகிறவர்களுக்கான குழுக்கள் ஏராளம். கருத்துக் கேட்பதற்கென்றே தனி இழைகள் இருக்கும். ஐரோப்பாவின் மாலைதான் அங்கே சூடு பிடிக்கும் நேரம். கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், அங்கே இரவு 8 என்றால் இங்கே 11.30. கண் விழிக்கத்தான் வேண்டும்.

உங்கள் இணைப்பைப் போடுவதற்கு முன் மூன்று பேருக்காவது கருத்து எழுதுங்கள். "நைஸ்" என்பது கருத்து அல்ல. "0:48இல் பேஸ் நுழைந்ததும் கிக் அமுங்குகிறது, 60 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸைக் குறைத்துப் பாருங்கள், அல்லது சைட்செயின் போடுங்கள்" என்பது கருத்து (கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸைத் தானாகக் குறைப்பதுதான் சைட்செயின்). உடைந்த ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை, நேரத்தைக் குறிப்பிட்டு எழுதியவரைத் தேடி வருவார்கள். கேட்கும்போதும் "எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்காமல் "டிராப்புக்கு முன்னாடி எட்டு பார் நீளமா இருக்கா?" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள் (டிராப் என்பது பாட்டு முழு வேகத்தில் வெடித்துக் கிளம்பும் இடம்).

நாலு பேர் சேர்ந்ததும்

நாலு பேர் போதும். ஐம்பது பேர் கொண்ட வாட்ஸ்ஆப் குழு இரண்டே வாரத்தில் இணைப்புகளைக் கொட்டும் இடமாகி, அப்புறம் குட் மார்னிங் படங்களோடு செத்துப்போகும். நாலு பேருக்குள் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஒருவர் ஒரு சத்தத்தைப் போட வேண்டும். கடலூர் துறைமுகத்தில் எடுத்த படகு மோட்டார், கெடிலம் பாலத்தின் மேல் பஸ் ஹாரன், எதுவாகவும் இருக்கலாம். மற்றவர்கள் அதை மட்டும் வைத்து ஞாயிறு இரவுக்குள் ஒரு நிமிடம் செய்து அனுப்ப வேண்டும். மோட்டாரின் "டப டப"வை மெதுவாக்கி ஒருவர் கிக் ஆக்கியிருப்பார், இன்னொருவர் அதையே இழுத்துத் தம்புரா மாதிரி விட்டிருப்பார். எப்படிச் செய்தாய் என்ற பேச்சிலேயே திங்கள் ஓடிவிடும்.

மாதம் ஒருமுறை நேரில் கூடுங்கள். ஏபிள்டன் லிங்க் என்ற வசதி பல மென்பொருள்களிலும் போன் செயலிகளிலும் இருக்கிறது. எல்லோரும் ஒரே வைஃபையில் இருந்தால் எல்லாக் கருவியும் ஒரே வேகத்தில் ஓடும். போன் ஹாட்ஸ்பாட் போதும், இணையம்கூடத் தேவையில்லை. மொட்டை மாடியில் செய்தால் பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டாக ஒரு ட்ராக் செய்யும்போது

ப்ராஜெக்ட் கோப்பை அனுப்பாதீர்கள், ஸ்டெம்களை அனுப்புங்கள். ஒவ்வொரு கருவியின் ஒலியும் தனித்தனி வேவ், 24 பிட், எல்லாமே முதல் பாரிலிருந்து தொடங்க வேண்டும். சத்தம் நடுவில்தான் வருகிறது என்றாலும் முன்னால் வெற்றிடத்தோடு ஏற்றுமதி செய்யுங்கள், அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் இடம் மாறாது. கோப்பின் பெயரிலேயே வேகமும் சுருதியும் இருக்கட்டும். எதிரொலி தரும் ரிவெர்ப், டிலே போட்டது ஒன்று, போடாதது ஒன்று என இரண்டும் கொடுங்கள். எல்லா ஒலியும் சேரும் மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் அமுக்கும் கருவி) இருந்தால் கழற்றிவிடுங்கள். மிடியையும் சேர்த்து அனுப்பினால் கூட்டாளி உங்களை மறக்கமாட்டார்.

கெடு வையுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் "பரவால்ல, என் பகுதியை நான் வேற ட்ராக்குக்கு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். கோபம் வேண்டாம், இதே ஆளை அடுத்த மாதம் கல்யாண வீட்டில் பார்ப்பீர்கள்.

வெளியிடும் முன் பங்கைப் பேசி முடியுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போதும்: "இந்தப் பாட்டு ரெண்டு பேருக்கும் பாதிப்பாதி. ஏத்துறது நான். வர்ற காசுல பாதியை மூணு மாசத்துக்கு ஒருமுறை அனுப்பிடுவேன். பேர் இந்த வரிசையில வரும். சரியா?" மறுமுனையிலிருந்து "சரி" வந்ததும் அதை ஸ்டார் போட்டு வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் உண்டு, பாட்டை ஏற்றும் விநியோக நிறுவனமே கொடுக்கும். அதையும் நண்பருக்கு அனுப்பிவிடுங்கள். வரியும் மெட்டும் உங்களுடையவை என்றால் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐபிஆர்எஸ் என்ற ராயல்டி வசூலிக்கும் சங்கத்தில் உறுப்பினராகலாம். 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை வாரிசுக்கோ அத்தகைய சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. "மொத்தமா எழுதிக் கொடு தம்பி" என்று யாராவது காகிதம் நீட்டினால் இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வாங்கிய லூப் தொகுப்பிலிருந்து எடுத்த துண்டு பாட்டில் இருந்தால், ஏற்றும்போது யூட்யூப் கன்டென்ட் ஐடி (உங்கள் ஒலி வேறு வீடியோவில் வந்தால் கண்டுபிடித்து உரிமை கோரும் வசதி) பெட்டியை டிக் செய்யாதீர்கள். அதே லூப்பை வாங்கிய வேறொருவரின் பாட்டுக்கு உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய் நிற்கும். அவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரராகவும் இருக்கலாம்.